அப்ரண்டிஸ் ஜாக்கி: ஜெயிக்க ஜெயிக்கக் கரையும் சலுகை

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். விரலி மஞ்சள் மூட்டைகள் தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் அந்தப் பையன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், செல்போனை அப்பா கையில் கொடுத்தான், தராசு மேடையில் ஏறி நின்றான். சிவப்பு எண் 54.6 என்று காட்டியது. இறங்கினான். பெல்ட்டை உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினான். 54.4.

அந்த மண்டியில் எடை போடுகிறவரே அவன் அப்பாதான். ஆறடி ஆள். மூட்டைக்குள் கம்பியைக் குத்தி உருவி, மஞ்சளை உடைத்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். "ஏன் கண்ணு, ஈரத்துக்குக் கழிக்கோணுமா?" என்று சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அப்போது அவனுக்கு வயது 19. பெருநகரம் ஒன்றின் குதிரைப் பந்தய மைதானத்தில் அப்ரண்டிஸ் ஜாக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன். சேர்ந்தபோது அவன் எடை 43 கிலோ.

அடுத்த பொங்கலுக்குள் அவன் பந்தயக் குதிரையை விட்டு இறங்கிவிட்டான். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குடி என்றார்கள், பணம் வாங்கிக்கொண்டு குதிரையை இழுத்துப் பிடித்துவிட்டான் என்றார்கள், விழுந்து இடுப்பு போய்விட்டது என்றார்கள். மூன்றும் இல்லை. இருபதுக்குக் கொஞ்சம் குறைவான பந்தயங்களில் ஜெயித்திருந்தான். கெட்ட பேர் எதுவும் எடுக்கவில்லை. "நல்லா வருவான்" என்று சொல்லப்பட்ட பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான் அவனுக்கும் நடந்தது. பையனிடம் குறை தேடுவதைவிட அந்தத் தொழிலின் கணக்கைப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கத்தியவாரி, மார்வாரி, நாட்டுக்குதிரை என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். நடனக் குதிரைக்குத் தனிக் கூட்டம் நிற்கும். ரேக்ளா என்றால் உடுமலை, பொள்ளாச்சி பக்கம் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள். ஆனால் ஜாக்கி ஏறும் பந்தயம் வேறு உலகம். கோயம்புத்தூரில் அதன் மிச்சம் ஒரு பேர் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை ஓடிய ரேஸ் கோர்ஸ் சாலையில் இப்போது காலை ஐந்தரை மணிக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடுவது சர்க்கரைக்காரர்கள். கொங்குநாட்டுக்காரருக்கு நிஜமான ரேஸ் என்றால் மலையேறி ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைகால சீசன் நடந்து வந்தது. சமவெளியின் வெயிலுக்குத் தப்பிக் குதிரைகளும் லாரியில் மலையேறின.

இந்தப் பையன் மாட்டிக்கொண்டதும் அந்தியூரில்தான். பதினாலு, பதினஞ்சு வயதில் தெரிந்தவர் குதிரை ஒன்றைச் சேணம் இல்லாமலே ஓட்டிக் காட்டியிருக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாராம். கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்காத கை, குதிரையின் வாயோடு பேசுகிற கை, பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள். அது இவனிடம் இருந்தது. கையைப் பார்த்தவர் பக்கத்தில் நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதையின் முடிவு அங்கேயே ஆறடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

சரி, இனி கணக்கு.

குதிரைப் பந்தயத்தில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் பந்தயங்கள். கெட்டிக்காரக் குதிரையும் சுமார்க் குதிரையும் ஒன்றாக ஓடினால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் சுமையை ஏற்றிச் சமப்படுத்துகிறார்கள். முந்தைய ஓட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் போடுகிற அதிகாரி இருக்கிறார். அந்த மதிப்பெண்தான் சுமையை முடிவு செய்கிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஒரே பந்தயத்தில் ஒரு குதிரைக்கு 60 கிலோ, இன்னொன்றுக்கு 53. இந்த எடைக்குள் ஜாக்கியின் உடம்பும் சேணமும் அடக்கம். ஜாக்கி எடை குறைவாக இருந்தால் மிச்சத்துக்கு ஈயத் தகடுகளைச் சேணத்தோடு வைத்துக் கட்டுவார்கள். ஓடுவதற்கு முன்னால் ஒரு தடவை தராசில் ஏற வேண்டும், ஜெயித்து வந்ததும் சேணத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை. முன்னே காட்டிய எடை பின்னே குறைந்திருந்தால் ஜெயித்தது ஜெயித்ததாகாது.

இந்த ஏற்பாட்டில் புதுப் பையனை யார் ஏற்றுவார்கள்? இருபது வருடம் ஓட்டிய ஆள் சும்மா நிற்கும்போது, நேற்று வந்த பையனிடம் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய குதிரையை யாரும் கொடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அப்ரண்டிஸ் சலுகை. கற்றுக்கொள்கிற பையன் ஏறினால் அந்தக் குதிரைக்கு விதித்த சுமையில் சில கிலோ தள்ளுபடி. அனுபவம் இல்லாததற்கு ஈடு. குதிரைக்காரருக்கு ஆசை காட்டிப் பையனுக்கு வாய்ப்பு வாங்கித் தருகிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

சலுகையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: ஜெயிக்க ஜெயிக்கச் சலுகை குறையும். பிரிட்டனில் தடை தாண்டாமல் ஓடும் சமதளப் பந்தயங்களில் அப்ரண்டிஸுக்கு 20 வெற்றி வரை 7 பவுண்டு தள்ளுபடி, நம் தாத்தாக்கள் கணக்கில் ஏழு ராத்தல், ஏறக்குறைய 3.2 கிலோ. அப்புறம் 50 வெற்றி வரை 5 பவுண்டு. 95 வரை 3 பவுண்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் பந்தயப் புத்தகத்தில் அப்ரண்டிஸ் பேருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவார்கள். அது பார்க்கப் பூச்சி மாதிரி இருப்பதால் அந்தப் பையன்களுக்குப் 'பக் பாய்' என்றே பேர். அங்கே வெற்றிக் கணக்கோடு காலக் கணக்கும் உண்டு. ஐந்தாவது வெற்றியிலிருந்து ஒரு வருடத்துக்குக் கடிகாரம் ஓடும்.

மூன்று கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். குதிரையே 450, 500 கிலோ. ஆனால் பந்தயம் முடிகிற இடத்தில் வித்தியாசங்கள் மிகச் சின்னவை. தலை, கழுத்து, அரை நீளம், ஒரு நீளம் என்றுதான் கணக்கு. ஒரு மைல் தூரத்தில் இரண்டு பவுண்டு சுமை ஏறக்குறைய ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது அங்கே கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் ஏழு பவுண்டு என்பது மூன்றரை நீளம். மூக்கு வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு குதிரையின் சொந்தக்காரருக்கு அந்த மூன்றரை நீளம் எவ்வளவு பெரிய கனவு!

இங்கேதான் சூட்சுமம். பையனுக்கு வாய்ப்பு வருவது அவன் திறமையால் பாதி, தள்ளுபடியால் பாதி. திறமையைக் காட்டிக்காட்டி ஜெயித்தால் தள்ளுபடி கரைகிறது. ஒவ்வொரு வெற்றியும் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற காசு மாதிரி. அதனால் விவரமான பயிற்சியாளர்கள் முழுச் சலுகை உள்ள பையனைச் சில்லறைப் பந்தயங்களில் வீணாக்காமல் குறிவைத்த பந்தயத்துக்கு எடுத்து வைப்பதும் உண்டு. பெரிய பந்தயங்களில் ஜெயித்துப் பேர் வாங்கலாமே என்றால், பிரிட்டனில் பட்டியலிடப்பட்ட உயர்தரப் பந்தயங்களில் இந்தச் சலுகையே செல்லாது. அங்கே பையன் வெறும் பையன்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இதை விளக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. பீளமேடு, கணபதி, சிட்கோ எங்கே போனாலும் அப்ரண்டிஸ் இல்லாத பட்டறை கிடையாது. ஐடிஐ முடித்த பையன் ஃபவுண்டரியிலோ பம்ப்செட் கம்பெனியிலோ சேர்கிறான். ஒரு வருடத்தில் லேத்தில் கை பழகி, பெரிய ஆளுக்குச் சமமாகப் பீஸ் எடுக்கிறான். கொடுப்பது உதவித்தொகை. காலம் முடிந்ததும் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வருடத்துப் பையனை எடுத்துக்கொள்கிற இடங்கள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைக் கட்டிப்போடவில்லை. பையன் வேலை கற்றுக்கொண்ட நாளும் அவன் மலிவாகக் கிடைப்பது நின்றுபோகிற நாளும் ஒன்றுதான். குதிரை மைதானத்திலும் அதே கதை. அங்கே கூலிக்குப் பதில் கிலோவில் மலிவு.

ரேக்ளாவிலும் பல் பார்த்துத்தான் காளையைப் பிரிப்பார்கள். பல் குறைந்த சின்ன ஜோடிக்கு 200 மீட்டர், பல் கூடியதற்கு 300. பல் முளைத்தால் காளை அடுத்த வரிசைக்குப் போகும், ஆனால் அங்கேயும் தன் வயதுக்காரர்களோடுதான் ஓடும். ஜாக்கிப் பையனுக்கு அந்த நியாயம் இல்லை. சலுகை தீர்ந்த மறுநாள் அவன் நிற்பது நாற்பது வயது ஜாம்பவான் பக்கத்தில், அதே எடையில், அதே தராசில். குளிர்கால சீசனுக்கு வந்து போகும் வெளிநாட்டு ஜாக்கிகளும் அந்த வரிசையில் இருப்பார்கள். குதிரைக்காரர் யாரை ஏற்றுவார் என்று கேட்க வேண்டுமா?

கரைகிற சலுகை ஒரு கடிகாரம் என்றால், இரண்டாவது கடிகாரம் உடம்பு.

பதினாறு வயதில் 43 கிலோ என்பது ஒரு பையன் கடந்து போகிற இடம். எலும்பு நீளும், தோள் அகலும். 18, 19 வயதில் முளைக்கிற உடம்பைக் கடிவாளம் போட்டு நிறுத்த முடியாது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சலுகை காகிதத்தில் இருந்தாலும் உடம்பு ஏறிவிட்டால் அதைப் பயன்படுத்தவே முடியாது. நம் பையன் அன்றைக்கு மண்டியில் 54.4 கிலோ. சேணம், பூட்ஸ், உடுப்பு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ என்று வைத்தால் தராசில் 56.4. முன்னே சொன்ன கற்பனைப் பந்தயத்தில் 53 கிலோ விதிக்கப்பட்ட குதிரைக்கு மூன்று கிலோ தள்ளுபடி என்றால் 50. அவனால் அதன் பக்கமே போக முடியாது. 60 கிலோக் குதிரை என்றால் 57-க்கு ஏறலாம். ஆனால் பந்தயத்தில் அதிகச் சுமை சுமப்பது எது? இருப்பதிலேயே நல்ல குதிரை. அதற்கு ஜாம்பவானைத்தான் போடுவார்கள். பையன் எந்தக் குதிரைக்குத் தேவையோ அதற்குக் கனம் அதிகம், எந்தக் குதிரைக்குக் கனம் சரியோ அதற்கு அவன் தேவையில்லை. ஊர் சொன்ன காரணங்களை எல்லாம் தள்ளிவிட்டால் அவன் தொழில் முடிந்தது இந்த ஒரு வரிக்குள்தான்.

முடிவதற்கு முன்னால் சண்டை போட்டுப் பார்த்தான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து லாயம் கூட்டி, வெளிச்சம் வருவதற்குள் முதல் குதிரையை வெளியே எடுத்து, எட்டரை மணிக்குள் நாலைந்து குதிரைகளுக்கு ஓட்டப் பயிற்சி. அது தினமும். பந்தயம் இருக்கிற வாரத்தில் அதோடு பட்டினி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் சட்டையை உள்ளே போட்டு, மேலே இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவது. நீராவி அறையில் உட்கார்ந்து துண்டால் வேர்வையை வழித்து வழித்து எறிவது, துடைக்காமல் விட்டால் அடுத்த வேர்வை சீக்கிரம் வராதாம். எச்சிலைக்கூடத் துப்பிக் கழிப்பது. இப்படி இறக்குவது கொழுப்பை அல்ல, தண்ணீரை. பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக எடை இறங்கிவிடும் என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். மஞ்சளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மனிதனுக்கு உடம்பு எடையில் இரண்டு சதவீதம் தண்ணீர் குறைந்தாலே தெம்பும் கவனமும் தளரத் தொடங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற குதிரை மேல், முன்னால் ஒரு அடி இடைவெளியில் இன்னொரு குதிரையின் பின்னங்கால் இருக்கும்போது, கவனம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. பந்தயம் ஓடும்போது பக்கத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் ஒன்று கூடவே ஓடும் விளையாட்டு இது. வளர்கிற வயதில் பட்டினி போட்டால் எலும்பும் கெட்டிப்படாது. ஜாக்கிகளின் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை அயர்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வீட்டுக்கு வந்தால் வேறு சிக்கல். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி அவன் அம்மா மூன்று வேளையும் கொள்ளுதான். கொள்ளுப் பருப்புக் கடைந்தது, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். "குதிரைக்கும் கொள்ளு, எனக்கும் கொள்ளுங்களா?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. பத்து வருடம் சோறு ஊட்டி வளர்த்த பையன் கால் கிலோ கூடியதற்கு அழுவதைப் பார்த்து எந்தக் கொங்குநாட்டு அம்மாவுக்குத்தான் பிடிபடும்? பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு இலையை மூடினான். நாலைந்து நாள் கழித்துத்தான் மண்டித் தராசு.

இது புது வியாதி இல்லை. பிரிட்டனின் ஃப்ரெட் ஆர்ச்சர் 1857-ல் பிறந்தவர். 11 வயதில் நியூமார்க்கெட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, 13 முறை தொடர்ந்து சாம்பியன் ஜாக்கி ஆனவர். 2,748 வெற்றிகள். உயரமோ 5 அடி 10 அங்குலம். ஆயுள் முழுக்கப் பட்டினியும் பேதி மருந்துமாக எடையோடு மல்லுக்கட்டினார். மனைவியையும் பறிகொடுத்த துயரத்தில், காய்ச்சலில் படுத்திருந்தபோது 1886 நவம்பரில் 29 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆளுக்கே தராசு தலைவணங்கவில்லை.

மறுபக்கம் தப்பித்த கதையும் உண்டு, ஸ்டீவ் காத்தன். அமெரிக்காவின் கென்டக்கிப் பையன். 1976-ல் 16 வயதில் முதல் பந்தயம், 1977-ல் ஒரே வருடத்தில் 487 வெற்றி, 1978-ல் 18 வயதில் அஃபர்ம்ட் என்ற குதிரை மேல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில் வென்றார். அடுத்த வருடத் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தொடர்ந்து 110 பந்தயங்களில் தோல்வி. உடம்பும் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே குதிரைகள் சுமக்கும் எடை அளவு அமெரிக்காவைவிடக் கூடுதல். 1984, 1985, 1987 என்று மூன்று முறை அங்கே சாம்பியன். அவரும் முப்பத்திரண்டு வயதுக்கு மேல் ஓட்டவில்லை. நான் இதைச் சொன்னபோது நம் பையன், "அவருக்குப் போக இன்னொரு நாடு இருந்துச்சுங்ணா" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது கடிகாரம் தொழிலின் சொந்தக் கஷ்டம். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன் மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இருபது வருடம் போல இழுத்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பயிற்சி பெற்ற வேகம், ஜாக்கியின் கைத்தேர்ச்சி, இவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். அத்தனை பெரிய மைதானமும் அத்தனை கோடிப் பணமும் சட்டப்படி நிற்பதில் ஒரு கால் ஜாக்கியின் திறமை மேல் நிற்கிறது. அந்தத் திறமையைக் கற்றுத்தர இந்தத் தொழில் செலவழிக்கிற அக்கறை அந்த அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் சம்மர்வெல்டில் ஜாக்கிகளுக்கென்றே தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தினார்கள், பள்ளிப் படிப்பும் குதிரையும் சேர்த்து. நம் பையன் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன்.

அதற்கு மேல் வரி. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயப் பணத்துக்கு 28 சதவீதம், 2025 செப்டம்பரில் 40 ஆனது. நடுவில் 2020-ல் கொரோனாவால் மைதானங்கள் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. 2024-ல் ஊட்டி மைதானத்தையும் பிறகு கிண்டி மைதானத்தையும் குத்தகைப் பிரச்சினையில் தமிழ்நாடு அரசு தன் வசம் எடுத்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு நிலத்தை மீட்டது சரியா தப்பா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஊட்டி ஊர்க்காரர்களிலேயே இரண்டு கட்சியும் உண்டு. ஆனால் ஒரு பந்தயம் குறைந்தால் முதலில் குதிரை இழப்பவன் வரிசையின் கடைசியில் நிற்கிற பையன். பத்துக் குதிரை ஓடுகிற இடத்தில் எட்டு ஓடினால் ஜாம்பவானுக்கு எப்போதும் ஒன்று இருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அப்ரண்டிஸ் ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தப் பையன் அந்தியூர்ச் சந்தையைத் தாண்டியிருக்கவே மாட்டான். அப்பா, மாமா, அண்ணன் என்று லாயத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களிலிருந்துதான் ஜாக்கிகள் பெரும்பாலும் வருகிறார்கள். மஞ்சள் மண்டித் தொழிலாளியின் மகன் ஒருவன் பச்சைப் புல்லில் கூட்டம் கத்தக்கத்த முதலாவதாக வந்தான் என்றால் அதற்குக் கதவு திறந்தது அந்த மூன்று கிலோதான். அதை அவன் மறக்கவில்லை. முதல் வெற்றியைப் பற்றிக் கேட்டால் இப்போதும் முகம் மாறும். கடைசி 200 மீட்டரில் சத்தம் எதுவும் காதில் விழவில்லை, குதிரையின் மூச்சு மட்டும்தான் கேட்டது என்பான். அவன் பயிற்சியாளரும் கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் கூப்பிட்டு, "நீ காலையில் வந்து குதிரைக்கு ஓட்டப் பயிற்சி கொடு, சம்பளம் தருகிறேன், பந்தயத்துக்கு வேண்டாம்" என்று நேரடியாகச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இழுத்தடிக்கிறவர்களைவிட அது மேல். ஒரு வருடம் அப்படியும் இருந்தான். தான் பழக்கிய குதிரையை வேறொருவன் ஏறி ஜெயிப்பதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க முடியவில்லை. ஊருக்கு வந்துவிட்டான்.

இப்போது அவன் எடை 67. அந்தியூர், பவானி பக்கம் குதிரை வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்குக் குட்டிகளைப் பழக்கிக் கொடுக்கிறான். முரட்டுக் குட்டி என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கை அப்படியே இருக்கிறது.

போன ஆடியில் அவனோடு குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வெள்ளைக் குதிரை ஒன்றைச் சேணம் இல்லாமல் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் யாரோ, "இவன் ஜாக்கியா வருவானுங்க" என்றார்கள். நம் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், குதிரையின் கழுத்தைத் தடவி நிறுத்தினான். பையனின் கையை அவன் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வெறுங்காலைக் கையில் ஏந்தி, பாதத்தைச் சாண் வைத்து அளந்தான்.

"செருப்பு என்ன சைஸ் கண்ணு போடறே?"

"ஏழுங்ணா."

"அப்பா எவ்வளவு உசரம்?"

பையன் பெருமையாக, கையைத் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக் காட்டினான்.